எரியாத இலை

1

இலை எரிந்தால் நோய் பிடிவாதம் பிடிக்கிறது, எரியாவிட்டால் நோய் இறங்குகிறது. அந்தக் காலத்தில் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். உடம்பில் படை தோன்றினால் அம்மா சீமை அகத்தியின் கொழுந்து இலைகளைப் பறித்து வருவாள். எலுமிச்சைச் சாறு விட்டு அம்மியில் அரைத்து, படையின் மேல் கனமாக அப்புவாள். முதல் பூச்சில் நெருப்புக் கங்கு வைத்ததுபோல் எரியும். சிறு வயதில் நான் அந்த எரிச்சலுக்குப் பயந்து தெருக்கோடி வரை ஓடியிருக்கிறேன். அடுத்த பூச்சில் எரிச்சல் குறையும். அதற்கடுத்த பூச்சில் ஒன்றும் தெரியாது. “எறங்கிட்ச்சு” என்று சொல்லிவிட்டு அம்மா கையைக் கழுவப் போய்விடுவாள். அவள் சொன்னது ஒருமுறையும் தவறியதில்லை.

ஆகவே என் தம்பி ஏழுமலையின் வலது முழங்கைக்கருகில் வெளுத்த வட்டமாக ஒன்று தோன்றி, முதல் பூச்சிலேயே எரியவில்லை என்று அவன் சொன்னபோது வீட்டில் மகிழ்ச்சிதான் உண்டாயிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்து நான் தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுது அப்பிய கையை அவன் திரைக்கு நேரே நீட்டிக்காட்டினான்.

“எரியுதாடா நைனா?” என்று பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

“ஜில்லுனு கீதுமா. வெண்ண தடவுன மாரி.”

“பாத்தியா, மொதப் பூச்சுலயே எறங்கிட்ச்சு. உங்கக்கா இதுக்குக் கத்துன கத்து ஊருக்கே தெரியும்.”

“அக்காது வெளிநாட்டுக்குப் போவறதுக்குன்னே செஞ்ச தோலுமா. என்னுது ஒரகடத்துத் தோலு. இன்னா தடவினாலும் ஏறாது.”

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் தெளிவாகக் கேட்கிறது. அதன் பிறகு எங்கள் மூவருக்கும் சேர்ந்து சிரிக்க வாய்த்தது குறைவு.

2

நான் வசிக்கும் டார்வின், ஆஸ்திரேலியாவின் வட விளிம்பில் உள்ள சிறிய நகரம். இங்கே மழைக்காலம், வறண்ட காலம் என்று இரண்டே பருவங்கள். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. நான் ஒரு நூலகத்தில் பகுதி நேரமாகப் பணிபுரிகிறேன். திருப்பி வரும் புத்தகங்களை அவற்றின் இடத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் பெரும்பாலும் என் வேலை. எங்கள் மகள் யாழினி பள்ளியின் கடைசி ஆண்டுகளில் இருக்கிறாள்.

வீட்டின் பின்வேலியை ஒட்டி மழைநீர் ஓடும் கால்வாய் ஒன்று உண்டு. சில மழைக்காலங்களுக்கு முன் அதன் ஓரத்தில் ஒரு செடி தானாக முளைத்தது. இந்த நாட்டு விமான நிலையத்தில் ஊறுகாய்ப் புட்டிக்கே மறுமொழி சொல்லி மாளாது. விதை கொண்டுவருவதை நினைத்தும் பார்த்ததில்லை. இந்தச் செடி வகை எனக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. முதலில் இலையைக் கண்டுதான் சந்தேகித்தேன். இணை இணையாக, அகலமாக, மாலையானால் இரு கைகளைச் சேர்ப்பதுபோல் மடிந்துகொள்ளும் இலை. மழை ஓய்ந்ததும் கிளை நுனிகளில் மெழுகுவத்திகளை நட்டு வைத்ததுபோல் மஞ்சள் பூக்கள் நிமிர்ந்து நின்றன. பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. சீமை அகத்திதான்.

இந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், அகலத் தொப்பி அணிந்த இளைஞர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். களைச்செடிகளைக் கண்காணிக்கும் பிரிவிலிருந்து வந்திருந்தார். மிகவும் பணிவானவர். இந்தச் செடி இப்பகுதியில் தடை செய்யப்பட்ட களை என்றும், காய்கள் முற்றி விதை கால்வாயில் விழுவதற்குள் வேரோடு அகற்ற வேண்டும் என்றும் விளக்கினார். இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் ஊரார் அதன் பெயரிலேயே ‘சீமை’யைச் சேர்த்து வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அத்துடன் நான் சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்தவரிடம் நாலு வார்த்தை பேசாமல் அனுப்புவது எங்கள் வழக்கமில்லை. “எங்கள் ஊரில் இதைத் தோல் நோய்க்கு மருந்தாக அரைத்துப் பூசுவோம்” என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே கையிலிருந்த சிறு கணினியில் எதையோ பதிந்தார். சில நாள்களில் வந்த அறிவிப்பில், தடை செய்யப்பட்ட தாவரம் ஒன்று இவ்வீட்டில் பயன்பாட்டுக்காக வளர்க்கப்படுகிறது என்றும், அதற்கு விளக்கம் தர வேண்டும் என்றும் இருந்தது.

யாழினி அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். “அம்மா, அவர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். நீங்க ஏன் எல்லார்கிட்டயும் கதை சொல்றீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அதையே தமிழிலும் ஒருமுறை சொன்னாள். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துவிட்டாள்.

அம்மா இறந்து ஓராண்டு நிறைவடையவிருந்த வாரத்தில் அந்த அறிவிப்பு வந்தது.

3

எங்கள் வீடு, ஆலைகள் நிறைந்த ஒரகடத்துக்குப் பக்கத்தில், சேரப்பணஞ்சேரியில் இருக்கிறது. வீட்டின் பின்னால் இப்போது இருப்பது கார் உதிரிப் பாகம் செய்யும் ஓர் ஆலையின் மதில். மதிலை ஒட்டிச் சாக்கடை, சாக்கடையை ஒட்டிச் சீமை அகத்தி. அந்த ஆலைக்கு எங்கள் நிலத்தைக் கொடுத்த சில ஆண்டுகளில் அப்பா காலமானார். ஏழுமலை தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு ஒரகடத்தில், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவாக்கும் பிரஸ் லைனில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தான். கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நிற்பது அம்மாவுக்குப் பெருமை. பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே அவனை எழுப்பி, காலணியைத் துடைத்து வாசலில் எடுத்து வைத்திருப்பாள். இரும்பு முகப்பு வைத்த அந்தக் காலணியை வீட்டுக்கு வருகிறவர்களிடம் தூக்கிப் பார்க்கச் சொல்வாள்.

நிரந்தரம் செய்துவிடுவார்கள் என்ற பேச்சு வந்தது. அந்தப் பேச்சின் பலத்தில் பென்னலூரில் ஒரு பெண்ணையும் பார்த்து முடிவு செய்தார்கள். அவளும் ஓர் ஆலையில் லைனில் நிற்பவள். இருவரும் ஷிப்ட் மாறும் நேரங்களில் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். கையில் வந்த வட்டத்தை வண்டு கடி என்றே நினைத்திருந்த அம்மா, அது ஆறட்டும், நாள் குறிக்கலாம் என்றாள்.

வட்டம் ஆறவில்லை. மெதுவாக அகன்றது. முதுகில் இன்னொன்று வந்தது. அம்மா வாரந்தோறும் இலை அரைத்தாள். ஒருமுறையும் எரியவில்லை. எரியாததே எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. முதல் பூச்சில்கூட ஏன் எரியவில்லை என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வலி இல்லாத இடத்தில் நோயைத் தேடும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

சில மாதங்களில் அவன் சுண்டுவிரலுக்குப் பிடிப்புக் குறைந்தது. லைனில் தகடுகள் கை நழுவின. அதையும் வேடிக்கையாகத்தான் என்னிடம் சொன்னான்.

“சூப்பர்வைசர் கலாய்க்கிறாருக்கா. ‘இன்னாய்யா ஏழுமல, மாப்ள ஆவறதுக்கு முன்னாடியே கை நடுங்குது’ன்றாரு. லைனே சிரிக்குது.”

“நீ என்ன சொன்னாய்?”

“இன்னா சொல்றது. நானும் சேந்து சிரிச்சேன்.”

4

எங்கள் மாடியறையில் மாரிச்செல்வம் என்று ஒருவர் வாடகைக்கு இருந்தார். கோவில்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வேலைக்கு வந்தவர். ஏழுமலையுடன் அதே லைனில் நிற்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை அவருக்குத் தேநீர் போட்டிருக்கிறான். பொங்கி வழிந்த பால் பாத்திரத்தைத் துணி பிடிக்காமல், வெறும் கையால் தூக்கிக்கொண்டுவந்து முன்னறையில் வைத்தான். வைத்துவிட்டு, தம்ளரை எங்கே காணோம் என்று தேடப் போயிருக்கிறான். மாரிச்செல்வம் அவனுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரம் முழுவதும் வெந்து தோல் தனியே வந்திருந்தது.

“அண்ணே, ஒங்களுக்குச் சுடலயா?”

“லைட்டா சூடா இருந்துது.”

“லைட்டாவா? தோலு வழண்டு போயிக் கெடக்கு, நீங்க தம்ளரத் தேடிக்கிட்டு இருக்கீக. இந்தப் படையில இல தடவுனா எரியுமா?”

“எரியாது. அதான் எறங்கிட்டு வருதே.”

மாரிச்செல்வம் அவன் கையை மெல்லக் கீழே வைத்தாராம். பிறகு, “எங்க பெரியப்பாவுக்கும் எரியாதுண்ணே” என்றார். “நாளைக்கு லீவு சொல்லிருங்க. நான் கூட வாரேன்.”

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, கண்களை மூடிக்கொள்ளச் சொன்னார். பேனா முனையால் தொடுவேன், தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும் என்றார். அன்று மாலை ஏழுமலை எனக்குச் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

“கண்ண மூடிக்கினு காத்துக்கினே இருந்தேன்க்கா. இன்னா இவங்க, இன்னும் தொடலயேன்னு. கொஞ்ச நேரம் பொறுத்துக் கண்ணத் தொறந்து பாத்தேன். அவங்க எல்லாத்தையும் முடிச்சிட்டு உக்காந்து எழுதிக்கினு இருந்தாங்க.”

5

தொழுநோய். மருத்துவர் அந்தச் சொல்லை மறைக்காமலும் மிரட்டாமலும் சொன்னார். ஓராண்டு மாத்திரை சாப்பிட்டால் முழுமையாகக் குணமாகும். மருந்து தொடங்கிவிட்டால் பிறருக்குப் பரவாது. எல்லோருடனும் இருக்கலாம், ஒன்றாக உண்ணலாம், திருமணம் செய்துகொள்ளலாம். ஆனால் செத்துப்போன நரம்பு முழுதாகத் திரும்புமா என்பதை மட்டும் உறுதி சொல்ல முடியாது. எரிச்சல் தெரியாமல் போன நாளிலேயே வந்திருந்தால் கை முழுதாகத் தப்பியிருக்கும்.

அதன் பின் நான் அந்த இலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படர்தாமரைக்கு அது உண்மையிலேயே நல்ல மருந்து. டார்வினில் என்னுடன் நூலகத்தில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண்மணி, தங்கள் ஊரில் இந்த இலையில் சோப்பே செய்து விற்கிறார்கள் என்று சொன்னார். இலை பொய் சொல்லவில்லை. அது எரியாமல் இருந்ததன் வழியாக, இந்தத் தோலுக்கு உணர்வு இல்லை என்றுதான் ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதை நல்ல செய்தியாக வாங்கி வைத்துக்கொண்டோம். இதை யோசிக்கும்போதெல்லாம், குற்றம் சொல்ல ஒருவரும் அகப்படாத துயரம் எவ்வளவு கனமானது என்று தோன்றுகிறது.

அம்மா அந்தச் சொல்லைக் கடைசிவரை உச்சரிக்கவில்லை. “அந்த நோவு நம்ம வம்சத்துலயே கெடயாது. வண்டு கடிச்சத இன்னாமோ ஏதோன்னு சொல்லி அனுப்பிட்டானுங்க” என்றாள். மாத்திரை சாப்பிடுவதைத் தடுக்கவில்லை. இலை அரைப்பதையும் நிறுத்தவில்லை. மாத்திரையால் அவன் தோல் கருத்தது. அது அந்த மருந்தின் குணம், பிறகு சரியாகிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் தெருவில் ஒவ்வொருவருக்கும் அதை விளக்க முடியுமா? “இன்னாடா, கரிக்கட்ட மாரி ஆயிட்ட?” என்று தொடங்கிய கேள்விகள் வெகு விரைவில் நின்றுபோயின. நின்றதும் எங்களுக்குப் புரிந்துவிட்டது, விடை அவர்களுக்குக் கிடைத்துவிட்டது என்று.

பென்னலூரிலிருந்து, ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டினோம், பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று சொன்னார்கள். அந்த லைனில் குறைக்கப்பட்டவன் அவன் ஒருவன். யாரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

அடுத்த முறை ஊருக்குச் சென்றிருந்தபோது சமையலறைச் சன்னலில் ஒரு தட்டும் தம்ளரும் தனியே இருப்பதைப் பார்த்தேன். தட்டின் விளிம்பில் ஆணியால் கீறிய பெருக்கல் குறி இருந்தது. நான் எடுக்கப் போனபோது ஏழுமலை தடுத்தான்.

“அது விஐபி தட்டுக்கா. ஓனரத் தவிர வேற யாரும் தொட முடியாது.”

அம்மாவை நான் தனியே அழைத்துப் பேசினேன். மருந்து முடியப் போகிறது, பரவாது, மருத்துவரே சொல்லிவிட்டார் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். “தெரியும்மா. எனக்குத் தெரியாதா. எம்புள்ள.” அன்று மத்தியானம் மீன் குழம்பில் நடுத்துண்டை எடுத்து முதலில் அந்தத் தட்டில்தான் வைத்தாள். முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வைத்தாள். பிறகு தட்டைத் தரையில் வைத்து அவன் பக்கமாகத் தள்ளினாள். அந்த அன்பும் அந்தத் தள்ளலும் ஒரே கையிலிருந்து வந்தவை. இரண்டில் எது பொய் என்று என்னால் சொல்ல இயலாது.

6

மாத்திரைகள் முடிந்தன. நோய் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். தோலின் கருமை மெல்ல வெளுத்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் மட்டும் உள்நோக்கி மடிந்தவை மடிந்தபடியே நின்றுவிட்டன. ஏழுமலை ஒரு கிடங்கில் காவலாளாகச் சேர்ந்தான். மாரிச்செல்வம் ஓசூரில் வேலை கிடைத்துப் போனார். போகும்வரை அவர் அவனுடன் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டார் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணினாலும் நினைவு தெளிவாக இருந்தது. ஏழுமலை கிடங்கு வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டான். துணி மாற்றினான், புரட்டிப் படுக்கவைத்தான். அதற்கெல்லாம் அவள் மறுப்புச் சொல்லவில்லை. கஞ்சிக் கரண்டியை அவன் வாயருகே கொண்டுபோகும்போது மட்டும் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள். அவன் கஞ்சியைக் காய்ச்சி ஆற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வான். பக்கத்து வீட்டு அத்தை வந்து ஊட்டுவாள். கஞ்சியைக் காய்ச்சியவன் அவன்தான் என்பது அம்மாவுக்குத் தெரியும். பார்க்காத வரையில் அவளால் விழுங்க முடிந்தது.

“அம்மா மேல் கோபமாடா?” என்று அவனிடம் கேட்டேன்.

“எதுக்குக்கா. பயந்துக்கினு கீது அது. பயந்தவங்ககிட்ட இன்னா கோவப்படறது.”

வைகாசியில் அம்மா இறந்தாள். ஐஸ் பெட்டியில் வைத்திருந்து, நான் வந்து சேரும்வரை காத்திருந்தார்கள். வாசலில் பந்தலின் கீழ் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போட மகனை அழைத்தபோது ஒரு கணம் எல்லோரும் எங்கோ பார்த்தார்கள். ஏழுமலை முன்னால் வந்து மண்டியிட்டு, மடிந்த விரல்களுக்கு இடையிலிருந்து அரிசி சிந்தாமலிருக்க இடது கையை அடியில் ஏந்தியபடி, அவள் உதடுகளில் வைத்தான். மூன்று முறையும் அப்படியே செய்தான்.

அன்று எல்லாம் முடிந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

“இன்னிக்கு மட்டும் வாய மூடிக்கலக்கா.”

7

அறிவிப்புக்கு விளக்கம் சொல்ல அந்த அலுவலகத்துக்கு யாழினியும் வந்தாள். ‘பயன்பாட்டுக்காக வளர்க்கவில்லை, தானாக முளைத்தது’ என்பதை நான் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். முகப்பில் இருந்த பெண்மணி ஒவ்வொரு முறையும் புன்னகைத்து, பயன்பாட்டை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார். முடிவில் யாழினி குறுக்கிட்டு இரண்டே வாக்கியங்களில் விளக்கினாள். உடனே தீர்ந்துவிட்டது. என் மகளின் ஆங்கிலத்தில் எங்கள் வீட்டுக் கதை எதுவும் இல்லை. அதனால்தான் அது அங்கே எடுபட்டது.

காரில் திரும்பும்போது அவள் கேட்டாள்: “மாமா ஏன் வீடியோவில எப்பவும் ஒரு கையை மட்டும் காட்டறார்?”

நான் சொன்னேன். நோயின் ஆங்கிலப் பெயரைச் சொன்னதும், அது பழங்காலத்து நோய் அல்லவா, இன்னும் இருக்கிறதா என்று வியந்தாள். தொலைபேசியை எடுத்துத் தேடிப் படித்தாள். போக்குவரத்து விளக்கில் வண்டி நின்றபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“குணமாகிடும்னு போட்டிருக்கே. மாமாவுக்கும் குணமாகிடுச்சு. அப்புறம் என்னம்மா பிரச்சினை?”

அவள் கேட்டதில் தவறே இல்லை. விளக்கு பச்சையானது. நான் வண்டியை எடுத்தேன். அவளுக்குப் புரியாமல் போகிறதே என்ற வருத்தத்தைக் காட்டிலும், இது அவளுக்குப் புரிய வேண்டிய அவசியமே இல்லாமல் போகட்டும் என்ற ஆசைதான் அப்போது எனக்குள் பெரிதாக இருந்தது. அப்படியானால் அவள் எங்களிலிருந்து விலகிப் போவதை நான் விரும்புகிறேனா?

சனிக்கிழமை கையுறை மாட்டிக்கொண்டு அவளே செடியை வேரோடு பிடுங்கினாள். கால்வாயோரத்து ஈர மண், அதிகம் சிரமப்படவில்லை. காய்களை மட்டும் தனியே ஒரு பையில் கட்டி ஒப்படைக்க வேண்டியிருந்தது. அன்று ஏழுமலையைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

“வெட்டிட்டியாக்கா? நல்லதாப் போச்சு. இங்கயும் வெட்டணும்னுதான் பாக்கறேன். மதிலு ஒசரத்துக்கு நிக்குது. கத்தி புடிச்சா கை நிக்க மாட்டேங்குது.”

“ஆள் வைத்து வெட்டேன்.”

“யாரு வரப்போறா, நம்ம வூட்டுக்கு?”

8

முதலாண்டுத் தெவசத்துக்கு எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. சென்ற ஆண்டு எடுத்த விடுப்பையே இன்னும் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறேன். தொலைபேசியைப் படையலுக்கு எதிரே சாய்த்து வைக்கும்படி தம்பியிடம் சொல்லியிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் தெவசத்துக்கு முக்கியம் மந்திரம் அல்ல, பந்தி. படத்துக்கு முன் இலை போட்டுப் படைத்துக் கற்பூரம் காட்டியபின், பங்காளிகள் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர்கள் சாப்பிட்டால்தான் இறந்தவருக்குப் போய்ச் சேரும் என்பார்கள். ஏழுமலைக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே சமையலுக்கு வெளியாளை அமர்த்தினான். தானே வீடு வீடாகப் போய் வாசலில் நின்று அழைத்தான். அவன் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு பரபரப்பைக் கண்டேன். அம்மாவைவிட அவனுக்காகத்தான் அந்தப் பந்தி நடக்க வேண்டியிருந்தது என்று எனக்குப் பட்டது. யாராவது நாலு பேர் அந்த வீட்டில் உட்கார்ந்து இலையை மடித்துவிட்டு எழுந்தால், அவன் மறுபடி ஊரில் ஒருவன் ஆகிவிடுவான்.

எல்லோரும் வந்தார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். சித்தப்பா வந்தார், பெரியப்பா மகன்கள் வந்தார்கள், பக்கத்து வீட்டு அத்தை வந்தாள். கற்பூரம் காட்டும்போது கண் கலங்கினார்கள். வடையும் பாயசமுமாக அம்மாவின் படத்துக்கு முன் இலை நிறைந்திருந்தது. ஏழுமலை வாழையிலைகளைக் கழுவி வரிசையாக விரித்தான்.

“உக்காரு சித்தப்பா.”

“இல்லப்பா. சுகரு ஏறிப்போச்சு. வெளில எங்கயும் கை நனைக்கறதில்ல.”

“சக்கர போடாதது தனியா வெச்சிருக்கேன். ஆள வெச்சுதான் செஞ்சேன் சித்தப்பா. நான் தொடல.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அவன் மிக இயல்பாகச் சொன்னான். சித்தப்பா அவன் தோளைத் தட்டினார். “அதுக்கில்லடா. நீ இன்னாத்துக்கு அப்டி நெனச்சிக்கற. டேய் பாபு, நீ உக்காரேன்.”

“செகண்ட் ஷிப்ட் சித்தப்பா. பஸ்ஸு வந்துரும்” என்றான் பெரியப்பாவின் மூத்த மகன்.

“தெனமும் உனக்கு மட்டும் நடு மத்தியானத்துல பஸ்ஸு வருதுடா” என்று யாரோ கேலி செய்தார்கள். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு எழுந்து நகர அவர்களுக்கு வசதியாக இருந்தது. வாசலில் தாம்பாளத்தில் வெற்றிலையும் பாக்கும் வாழைப்பழமும் வைத்திருந்தான். ஒருவர் தவறாமல் ஆளுக்கொரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டார்கள். அது உரிக்காத பழம். “சாப்ட்ட மாரிதான்ப்பா” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்கள். பக்கத்து வீட்டு அத்தை மட்டும் சற்றுத் தயங்கி நின்றாள். பிறகு அவளும் முந்தானையில் பழத்தை முடிந்துகொண்டு போனாள்.

கழுவி விரித்த இலைகளின் மேல் ஈரம் காய்வதை நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை திரைக்குள் வந்தான். என்னைப் பார்த்து, “வந்தாங்கக்கா, எல்லாரும் வந்தாங்க” என்றான். இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான். சோற்றைச் சமையல்காரரிடமே கொடுத்தனுப்பினான். அவர் வேற்றூர்க்காரர், ஒன்றும் தெரியாமல் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

“நீயாவது சாப்பிடு” என்றேன்.

சமையலறைக்குப் போய்ச் சன்னலிலிருந்து தட்டை எடுத்து வந்தான். விளிம்பில் பெருக்கல் குறி.

“இன்னும் எதற்குடா அந்தத் தட்டு? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?”

அவன் தட்டைப் புரட்டிப் பார்த்தான், அந்தக் குறியை முதன்முதலாகக் காண்பவன்போல. “வேற தட்ட எடுத்தா அம்மாதோன்னு தோணுதுக்கா” என்றான். “இது என்னுதுன்னு நல்லாத் தெரியும்.”

படையல் இலையிலிருந்து ஒரு பிடி சோற்றை அதில் போட்டுக்கொண்டு, தரையில் அமர்ந்து, மடிந்த விரல்களைத் தவிர்த்து மற்ற விரல்களால் பிசைந்து சாப்பிட்டான். பின்கதவு திறந்திருந்தது. கதவுக்கு வெளியே ஆலை மதில் தெரிந்தது, மதில் உயரத்துக்குச் சீமை அகத்தியும் தெரிந்தது.

அம்மா இல்லை. நான் இங்கே இருக்கிறேன். சேரப்பணஞ்சேரி வீட்டில் என் தம்பி ஏழுமலை இருக்கிறான்.